வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்காக ஓடிய சோலார்

ஆம்பூரில் ஒரு பெண் ஷூ கம்பெனி வேலையை விடப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் கல்யாணமா என்பார்கள். இல்லை என்றால் உடம்புக்கு என்ன என்பார்கள். அக்சா சொன்ன காரணம் இரண்டிலும் சேரவில்லை. "சோலார் வேலைக்குப் போகப் போறேன்" என்றாள். ஸ்டிச்சிங் லைனில் இருந்த முப்பது பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் சோலார் அக்கா. டீ வந்தால், "அவங்களுக்கு எதுக்கு டீ, வெயில்ல நின்னா சார்ஜ் ஏறிடும்" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அக்சாவும் சளைத்தவள் இல்லை. "ஏறட்டும், மொதல்ல உன் வீட்டு கரன்ட்டைத்தான் புடுங்குவேன்" என்பாள்.

சிரித்தாலும் உள்ளுக்குள் எரிந்தது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள் அவள். படிப்பு முடிந்த சூட்டில், சும்மா இருக்கிறதுக்கு ரெண்டு மாசம் போய்ட்டு வர்றேன் என்று ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அந்த இரண்டு மாதம் ஆறு வருடமாக நீண்டுவிட்டது. செக்கிங் வேலை. இடது காலுக்கும் வலது காலுக்கும் தைத்த தோல் ஒன்று போல இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அனுப்ப வேண்டும். எத்தனை நாட்டுக்காரன் கால்களுக்கோ ஜோடி சேர்த்தாயிற்று. ஆனால் படித்த படிப்பை நம்பி ஒரு பியூஸ் கட்டையைக் கூட யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. அதுதான் அவளுடைய ஆத்திரம்.

போனிலேயே ஒரு சோலார் கோர்ஸ் படித்தாள். சான்றிதழ் வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலை பார்க்கும் அவள் அம்மா சாரா அதை லேமினேட் செய்து கொண்டுவந்து ஹாலில் மாட்டினாள். சான்றிதழ் சுவரில் சுகமாக இருந்தது, வேலைதான் வரவில்லை. ஒரு கம்பெனியில், மூன்று வருட அனுபவம் உள்ள புதுமுகம் வேண்டும் என்றார்கள். அது என்ன ஜென்மமோ, கடவுளுக்கே வெளிச்சம். இன்னொரு கம்பெனியில் மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீஸாச்சே, மாடியெல்லாம் ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

"உங்க ஆபீஸ் மூணாவது மாடி சார். பறந்தா வந்தேன்?" என்றாள் அக்சா. அந்த வேலையும் போயிற்று.

கடைசியில் வேலூரில் கார்முகிலன் என்பவர் கிடைத்தார். மொட்டை மாடிகளில் சோலார் போட்டுப் பராமரிக்கிற சின்ன கம்பெனிக்கு முதலாளி. அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் மாடியில் போட்ட சோலார் தினமும் பத்து மணிக்கு மேல் படுத்துக்கொள்ளும், இரண்டு மணிக்கு மேல் எழுந்துகொள்ளும். வெயில் கொளுத்துகிற நேரத்தில்தான் கரன்ட் கம்மி. இன்ஜினியர்கள் நாலு பேர் போனார்கள். கேபிளை மாற்றினார்கள், இன்வெர்ட்டரை மாற்றினார்கள், பேனலைக் கழுவினார்கள். இவர்கள் மாடி ஏறினால் மீட்டர் முழுசாக ஓடும், இறங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி படுத்துவிடும்.

"ஒரு வாரம் ட்ரையல். நீங்க கண்டுபுடிச்சா, வேலை பத்திப் பார்க்கலாம்" என்றார் கார்முகிலன். பார்க்கலாம் என்பது, நம் ஊர்ப் பக்கம், 'இல்லை' என்பதற்கு மரியாதையான வார்த்தை. அக்சாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் ஷூ கம்பெனியில் பல்வலி என்று பொய் சொல்லி ஒரு வாரம் லீவு போட்டாள். "திங்கக்கிழமை வரலன்னா வேற ஆள் போட்டுடுவேன்" என்றார் சூப்பர்வைசர். ஆக, சனிக்கிழமைக்குள் சோலார் கைகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் இடது கால், வலது கால், முப்பது பேர் சிரிப்பு.

திங்கட்கிழமை டேனரி வாசலில் வாட்ச்மேன் அமீர் பாஷா அவளை உட்கார வைத்தார். பெயர், ஊர், நேரம் எல்லாம் நோட்டில் எழுதினார். எழுதிய பேனா மக்கர் பண்ண, வேறு பேனா தேடினார். ஹெல்மெட் கொண்டுவந்தார். அது பெரிதாக இருக்கிறது என்று வேறு கொண்டுவரப் போனார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை என்று தெரிந்ததும், "அம்மா எந்த வார்டு? நம்ம மச்சானை அங்கதான் சேர்த்திருந்தோம்" என்று பேச்சு வளர்த்தார். நடுவில் போனில் யாரிடமோ, "ஆமா, வந்திருக்காங்க" என்று ஒரு வார்த்தை. என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அக்சா மாடி ஏறியபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. பேனல்கள் பளபளத்தன. மீட்டர் முழுசாக ஓடியது. செவ்வாய்க்கிழமையும் இதே கதை.

புதன்கிழமை அவள் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து மூன்று மாதத்துக் கரன்ட் கணக்கைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தினமும் நடுப்பகலில் கோடு பள்ளத்தில் விழுந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் விழவில்லை. இன்ஜினியர்களும் அதைப் பார்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை லைனில் வோல்டேஜ் சீராக இருக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாவம், திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களுக்கு லீவு என்றால் ஞாயிற்றுக்கிழமை. அந்த டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு என்று ஆம்பூர்க்காரிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சூரியனுக்கு லீவு கிடையாது, மெஷினுக்கும் கிடையாது. அப்படியானால் சோலாரைப் படுக்க வைக்கிற சமாச்சாரம் ஷிப்டுக்கு வந்து ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறது!

அக்சா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி தனியா சிரிக்கிற?" என்றாள் சாரா.

"சோலார்ல பேய் புடிச்சிருக்கும்மா. வெள்ளிக்கிழமை லீவு எடுக்கிற பேய்."

"ஏசப்பா, இந்தப் பொண்ணுக்கு சீக்கிரம் ஒரு வேலையைக் குடு" என்று சாரா கண்ணை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஹெல்மெட்டும் வேண்டாம், நோட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டி, ஷிப்டுக்கு வந்த பெண்கள் கூட்டத்தோடு பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டாள். ஷிப்டு நேரத்தில் அங்கே வந்து நின்ற அமீர் பாஷா நேராக இவள் முகத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல், "சீக்கிரம் நடங்கம்மா, டைம் ஆச்சு" என்று அதட்டினார். பதினோரு மணி வரை குடோன் பக்கம் பதுங்கியிருந்துவிட்டு மாடிப் படியில் ஏறினாள்.

மேலே பேனலையே காணோம். கண்ணுக்கு எட்டின மட்டும் தோல். கறுப்புத் தோல், பழுப்புத் தோல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, கண்ணாடி மேல் கைகால் விரித்துப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஏழு பெண்கள் வரிசைக்குள் நடந்து அவற்றைத் திருப்பிப் போட்டார்கள். நடுவில் இடுப்பில் கையோடு நின்ற கோவிந்தம்மாள்தான் காயப்போடுகிற பிரிவுக்கு மேஸ்திரி. அக்சாவைப் பார்த்ததும் அவள் வாய் பிளந்துகொண்டது.

"அய்யய்யோ, சோலார்ப் பொண்ணு! அமீர் பாய் போன் பண்ணலியே?"

அந்தத் தங்கமான மனுஷன் ஏன் அத்தனை பேனா தேடினார் என்று அப்போதுதான் விளங்கியது.

"இன்னாக்கா இது? கரன்ட் மேல தோலைக் காயப் போட்டிருக்கீங்க!"

"பின்ன எங்க போடறது? என் தலை மேலயா?" கோவிந்தம்மாளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "இந்த மாடி எங்களுது. இங்கதான் காயப் போட்டுட்டிருந்தோம். ஒரு நாள் லாரில கண்ணாடி வந்துது, மாடி பூரா பரப்பிட்டுப் போய்ட்டாங்க. எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? மொதல் வாரம் நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா? தோல் காய வைக்கத்தான் மொதலாளி செஞ்சு குடுத்திருக்காருன்னு. சரிவா இருக்கு, வழவழன்னு இருக்கு, சூடு ஜாஸ்தி, ஒரு சுருக்கம் வுழல. கை எடுத்துக் கும்பிட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் சமாச்சாரம் தெரிஞ்சுது. ஆனா தோலு ஜோரா காயுதே! எப்படி வுடறது?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அக்சாவும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் கோவிந்தம்மாள் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தாள். "ரிப்போர்ட்ல எழுதிடாத பாப்பா. எழுதினா நாங்க எட்டு பேரும் வீட்டுக்குத்தான்."

 எழுதினால் இவர்கள் வேலை போகும். எழுதாவிட்டால் இவள் வேலை வராது. இந்த வேலைக்காக எத்தனை மாடிப்படி ஏறியிருப்பாள்! கோவிந்தம்மாள் மேலும் கோபம் வந்தது, ஒரு வார்த்தை கேட்காமல் கண்ணாடி பரப்பின கார்முகிலன் கம்பெனி மேலும் கோபம் வந்தது. வெயில் தாங்காமல் குனிந்து பேனலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பின்பக்கம் ஆள் நிற்கிற உயரம் இருந்தது. நிழல். ஆனால் நிழலில் உட்கார்ந்தவளுக்கு இன்னும் வேர்த்துக் கொட்டியது. பேனலின் அடிப்பாகம் தோசைக்கல்லாகக் கொதித்தது. கீழே அனல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, பிளாஸ்டிக் கயிறு இருக்கா?"

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கயிறு கட்டிவிட்டார்கள். ஒரு முழம் இடைவெளி விட்டு, காற்றுப் போக வழி வைத்து, தோல் எல்லாம் கண்ணாடிக்கு மேலிருந்து கண்ணாடிக்கு அடிக்கு வந்து சேர்ந்தது. கோவிந்தம்மாள் நம்பவில்லை, அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஈரம், ஈரம்" என்று பழிப்புக் காட்டினாள். நாலு மணிக்குத் தொட்டுப் பார்த்தவள் அடுத்த கட்டுத் தோலைத் தூக்கிவரப் போனாள்.

வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மீட்டர் முழுசாக ஓடிக்கொண்டிருக்க, கார்முகிலன் போன் செய்தார். "என்ன பண்ணீங்க?"

"நேர்ல வந்து பாருங்க சார்."

அவர் வந்தார். கூடவே டேனரி முதலாளி ஷபீ அஹமதுவும் மாடி ஏறினார். கோவிந்தம்மாளும் ஆட்களும் சுவரோரம் ஒண்டினார்கள். ஷபீ அஹமது குனிந்து பேனலுக்கு அடியில் பார்த்தார். வரிசை வரிசையாகத் தொங்கும் தோல்.

"இதை யாரு கட்டினது?"

 "நான்தான் கட்டச் சொன்னேன் சார்" என்றாள் அக்சா. 

"அப்ப முன்ன எங்க காயப் போட்டுட்டிருந்தீங்க?" என்று அவர் கேட்க, கோவிந்தம்மாள் மழை வருமா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கார்முகிலனுக்கு முகம் வெளிறிவிட்டது. "சார், இவங்க எங்க ஸ்டாஃப் இல்ல. ட்ரையல்லதான் இருக்காங்க. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று ஒரே மூச்சில் கழற்றிவிட்டார்.  ஆறு நாள் நாய் படாத பாடு பட்டவள் ஒரு நொடியில் அந்நியமாகிவிட்டாள்.

ஷபீ அஹமது குனிந்து உள்ளே கை நீட்டினார். ஒரு தோலை உருவி, விரலில் மடித்து, நீவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மெஷினில் காய்ந்தது இத்தனை மெத்தென்று வராது. வெயிலில் காய்ந்தது நிறம் மாறாமல் வராது. இது இரண்டுமாக வந்திருந்தது.

"உங்க ஸ்டாஃப் இல்லியா? நல்லதாப் போச்சு" என்றார். "ஏம்மா, நாளைக்கே வந்துடு. ட்ரையிங் செக்ஷனுக்கு இன்சார்ஜ். இந்தக் கயிறு அப்படியே இருக்கட்டும், இவங்களும் இங்கயே இருக்கட்டும்."

சுவரோரத்தில் எட்டுப் பேருக்கும் உயிர் வந்தது. அக்சாவுக்கோ அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தோலை விட்டு ஓடத்தானே இந்தப் பாடு! அது பேனலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறது.

"இல்ல சார், அது எப்படி?" கார்முகிலன் குறுக்கே பாய்ந்தார். "அவங்க எங்க ஸ்டாஃப்."

"எப்பத்திலேர்ந்து சார்?" என்றாள் அக்சா.

"இப்ப... இப்பத்திலேர்ந்துதான். வேலை ஆர்டர் பத்தி திங்கக்கிழமை பார்க்கலாம்."

அக்சா போய் மாடிப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். இறங்குவதற்கு வேறு வழி கிடையாது.

"இங்கயே டவர் நல்லா கிடைக்குது சார். மெயில் போட்டுடுங்க."

ஷபீ அஹமது சிரிப்பை அடக்கிக்கொண்டு நிழலில் போய் நின்றார். உச்சி வெயிலில் கார்முகிலன் வேர்த்த கட்டைவிரலால் டைப் அடித்தார். பேனலுக்கு அடியிலிருந்து, "பேரைத் தப்பில்லாம அடிக்கச் சொல்லு பாப்பா" என்று கோவிந்தம்மாளின் குரல் வந்தது. அக்சாவின் போன் ஒலித்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு வாசலை விட்டு விலகி, "இப்ப நீங்க எறங்கலாம் சார்" என்றாள்.