மிதிபடாத மாத்து

எங்கள் பெரியப்பா குடும்பம் நாகரிகமானது என்பதை உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் யாரும் மறுக்க மாட்டார்கள். மகள் சலவைக்காரர் மகனை விரும்புகிறாள் என்று தெரிந்தபோதுகூட அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. இதை இன்றும் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கண்டுபிடித்தது பெரியம்மா. வெளுத்து வந்த மூட்டையில் தன் புடவைகளெல்லாம் கசங்கிக் கிடக்க, மகளின் தாவணிகள் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அடுத்த வாரமும் அப்படியே. அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. அவள் படிப்பு நின்றது. வாலாஜாபாத் பக்கம், மோட்டார் கிணறும் மாடி வீடும் உள்ள இடத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டியபின் மணமக்கள் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, கால் மண்ணில் படாமல் சலவைக்காரர் முன்னால் துணி விரித்துக்கொண்டே போவார். அதுதான் மாத்து. பெரியப்பா எங்கள் ஊர்ச் சலவைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

“உன் புள்ளையே வந்து விரிக்கட்டும்டா. ஊர் வாய் அடங்கிடும்.”

“அவன் மெட்ராசுல வேல தேடிக்கினு கீறான் ஐயா.”

“பஸ்ஸா இல்ல? கூட்டியாந்து வுடு.”

ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத இந்த யோசனையைப் பெரியவர்கள் வெகுவாக மெச்சினார்கள்.

வைகாசி வெயில். மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவன் தலை நிமிராமல் குனிந்து விரித்தான். அவள் துணியின் ஓரத்தில் நின்றுவிட்டாள். நடக்கச் சொன்னேன்.

“அவன் முதுகு மேல நடக்கற மாதிரி கீதுக்கா” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு பக்கத்தில் கொதிக்கும் மண்ணில் இறங்கி வீடுவரை நடந்தாள். மாப்பிள்ளை துணிமேல் நடந்தார். இருவரையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு வழியெல்லாம் இழுபட்டது.

“துணி அழுக்காவும்னு பாக்குது பாரு. சிக்கனமான பொண்ணு” என்று மாப்பிள்ளையின் அம்மா மகிழ்ந்தார். பெரியப்பாவும் சிரித்து ஆமோதித்தார்.

மறு ஆடிக்குள், தண்ணீர் சேந்தப் போனவள் கிணற்றில் தவறி விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சுவிட்சைப் போட்டால் தொட்டி நிரம்பும் வீட்டில் அவள் ஏன் குடத்தோடு போனாள் என்று எங்கள் பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் கேள்வி கேட்பது நாகரிகமல்ல.

சாவு ஊர்வலத்துக்கும் மாத்து உண்டு. அந்த ஊர்ச் சலவைக்காரர் விரிக்க வந்தபோது, எங்கள் ஊர்ச் சலவைக்காரர் மகன் துணியோடு முன்னால் வந்து நின்றான். பெரியப்பா வாயைத் திறந்தார். எதைச் சொல்லித் தடுப்பது? அவன்தான் விரிக்க வேண்டும் என்று சொன்னவரே அவர். மூடிக்கொண்டார். பாடை தாண்டியதும் அவன் துணியை எடுத்து, மண்ணைக்கூட உதறாமல், மறுபடி முன்னால் ஓடி விரித்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதுவரைதான் பார்த்தேன்.

என் மகள் இப்போது செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போகிறாள். சாதியெல்லாம் பொய் என்று சொல்லித்தான் வளர்த்தேன். ஆனாலும் தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து துணி வந்ததும் அவள் துணிகளின் மடிப்பைப் பார்க்கிறேன். கொஞ்சம் கசங்கியிருந்தால்தான் அன்று எனக்குச் சோறு இறங்குகிறது.

பெரியப்பா திடமாக இருக்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, பெண்ணுக்கு எத்தனை வயது என்று கேட்டார்.