நல்ல கண்ணை மூடிய மூன்று மாதம்

என் மகளின் இடக்கண் மூக்குப் பக்கமாக ஓடும். வாக்குக்கண் பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று எங்கள் சாய்ந்தமருதில் சொல்வார்கள். அந்த அதிர்ஷ்டத்தைக் கேட்டுக் கேட்டே நானும் ஆறு வருடத்தைப் போக்கினேன். கடைசியில் கண் டொக்டரிடம் போனபோது அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரெண்டு கண்ணையும் சேர்த்துத் திருப்புறது மூளைதான். ஒவ்வொரு கண்ணிலயும் ஆறு தசை இருக்கு. அதுகள் ஒத்துப்போகாட்டி எல்லாம் ரெண்டாத் தெரியும். அந்தத் தொல்லை வேணாம் எண்டு மூளை ஒரு கண்ணைக் கைவிட்டிரும்" என்றார்.

அதனால் தினமும் இரண்டு மணித்தியாலம் நல்ல கண்ணைப் பிளாஸ்டரால் மூட வேண்டும். அப்போதுதான் இடக்கண் வேலை பழகும். வயது ஏறிவிட்டால் மூளை பிடிவாதமாகிவிடும், அந்தக் கண்ணில் பார்வை வராது.

ஊரில் ஒருவருக்கும் இது ஏறவில்லை. "வருத்தமான கண்ணை உட்டுட்டு நல்ல கண்ணை ஏன் புள்ள மூடுறாய்?" என்று மாமி தினமும் கேட்டார். பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டில் விளக்கம் சொல்லியே எனக்கு வாய் உளைந்தது. பின்னேரம் பிளாஸ்டரை ஒட்டி அவளைக் குர்ஆன் ஓத அனுப்புவேன். ஓதி முடிந்ததும் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு முன்னேற்றமும் இல்லை. "ஒழுங்கா ஒட்டுறீங்களா?" என்று டொக்டர் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஓதி முடியுமுன்பே ஓதும் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டர் இடக்கண்ணில் இருந்தது.

"அந்தக் கண்ணால ஓதினா ரெண்டு புள்ளி வச்ச தா எழுத்த மூண்டு புள்ளி ஸா எண்டு ஓதுறா. பிழையா ஓதினா பாவமெல்லா? அதான் நான் ஒவ்வொரு நாளும் மாத்தி ஒட்டி உடுற" என்றார் ஓதிக்கொடுக்கும் ராத்தா. நல்ல மனுஷி. அதனால் கத்தவும் முடியவில்லை.

மகளைப் பிடித்து, "எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ராத்தாக்கு எதிர்த்துக் கதைக்கப்படா எண்டு நீங்கதானே உம்மா சொன்ன."

பிளாஸ்டரை உரித்து, அங்கேயே வலக்கண்ணில் ஒட்டினேன். "பிழையா எண்டாலும் ஓது மகள்" என்றேன். ராத்தா பாவமன்னிப்புக் கேட்டு அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று முணுமுணுத்தார்.

அவள் தா எழுத்தின் கீழே விரலை வைத்து, மூக்கு தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்து புள்ளிகளை எண்ணினாள்.

"மூண்டு இரிக்கி உம்மா."

இரண்டுதான் இருந்தன.