இருபது மந்திரம், பத்தொன்பது பிள்ளைகள்

போன வருடம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. எங்கள் பங்குக் கோயிலின் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரைச் செஞ்சிக் கோட்டைக்கு வேனில் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், நானும் இன்னொரு ஆசிரியையும். எங்கள் ஊர் அனந்தபுரத்துக்குப் பக்கம். வாரநாட்களில் எனக்குச் செஞ்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் டீச்சர். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், கோபமும் மூக்குக்கு மேலே வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் விவிலிய கிரேக்கம் படித்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை ஒரு ஃபாதர் ஆன்லைனில் நடத்துவார். புதிதாக நாலு சொல் தெரிந்துவிட்டால் கேட்க வேண்டுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் கோட்டைக்குள்ளே, பழைய நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்தில், கல்யாண மகால் நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து ஊதாரி மகன் கதையை எடுத்தேன். மகன் தூரத்தில் வருவதைப் பார்த்த தகப்பன் 'பரிவு' கொண்டார் என்று படிக்கிறோமே, கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது 'ஸ்ப்ளாங்க்னிசோமாய்' என்ற சொல். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ளே இருக்கிற உறுப்புகளின் பெயரிலிருந்து வந்தது. பசித்த கூட்டத்தை இயேசு பார்க்கும்போதும், ஒரே மகனை இழந்த கைம்பெண்ணைப் பார்க்கும்போதும், நல்ல சமாரியர் கதையிலும் இதே சொல்தான். இப்படி அடுக்கிக்கொண்டே போனேன்.

மூன்றாவது படிக்கிற ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், வயித்துல எப்டி டீச்சர் பாவம் பாக்கறது? பசிதான எடுக்கும்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் பதில் தெரியாது. அது தெரிந்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில், "அதிகப்பிரசங்கி! வாய மூடிக்கினு ஒக்காரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளைகளை நடத்திக் கூட்டிவரும்போது ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரம் ஆளுக்கு ஒன்று, பத்துப் பேர் சொன்னால் ஒரு பத்து. இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பத்து. தனியாகத் தலையை எண்ணவே வேண்டாம், ஜெபமே எண்ணிக் கொடுத்துவிடும் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொள்வேன். அன்றைக்கும் கோட்டை வாசலுக்கு வருவதற்குள் இரண்டு பத்தும் கச்சிதமாக முடிந்தது. எல்லாரும் முண்டியடித்து ஏற, வேன் கிளம்பியது.

செஞ்சியைத் தாண்டி அனந்தபுரம் ரோட்டில் பாதி தூரம் போனபிறகு பிள்ளைகளுக்குப் பன் கொடுத்தோம். ஒரு பன் மிஞ்சியது.

யாரோ வாங்கவில்லை என்று நினைத்துச் சீட்டு சீட்டாகப் பார்த்தேன். கேள்வி கேட்டாளே, அவளைக் காணோம்.

"இருபது மந்திரம் சரியா வந்துச்சே!" என்று கத்தினேன். அவளுடைய சிநேகிதி அழ ஆரம்பித்தாள். "நாந்தான் டீச்சர் அவளுக்கும் சேத்துச் சொன்னேன். பின்னாடி வந்துனு இருக்கானு நெனச்சேன். ஜெபத்துக்கு வராதவங்களுக்கும் சேத்து நாம சொல்லணும்னு நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் குழந்தையை எப்படித் திட்டுவது?

வேனைத் திருப்பினோம். கல்யாண மகாலுக்குப் பக்கத்திலேயே ஆனைக்குளம் இருக்கிறது. அதுதான் முதலில் கண்ணுக்குள் வந்தது. பிறகு குரங்குகள், மலைப்படிகள், முன்பின் தெரியாத ஆட்கள். அவள் அம்மாவுக்குப் போன் போட எடுத்தேன். என்னவென்று சொல்வது? விரல் வரவில்லை. கூட்டு ரோட்டில் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் லாரிகள் வரிசைகட்டி நின்றன. வேன் நகரவில்லை. பின்னால் பிள்ளைகள் தாங்களாகவே அருள்நிறை சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் எனக்கு வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி இருந்தது. ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். ஆண்டவரே, அவளை மட்டும் கொடுத்துவிடும், இனிமேல் எனக்கு ஒரு சொல்லும் தெரியவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

வெயில் இறங்கிவிட்டது. வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். கோட்டை வாசலில், காலிக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கோட்டைக்குள் சுற்றிச் சுற்றி வெள்ளரிப்பிஞ்சு விற்பவர். அவர் மடியில், கையில் பாதி கடித்த பிஞ்சோடு அவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னாமா நீ! ஆட்டுக்குட்டியக்கூட தலைய எண்ணித்தான அடைக்கறோம்? பச்ச புள்ளய வுட்டுட்டுப் போய்ட்டியே! களஞ்சியத்தாண்ட ஒண்டியா நின்னுனு தேம்புது. பாத்ததும் என் ஈரக்கொலையே பதறிப் போச்சு. எந்தப் புள்ளனு தெரியாது, எந்த ஊருனு தெரியாது, ஓடியாந்து தூக்கிக்கினேன்."

தன் ஊரான சிங்கவரத்துக்குப் போகிற பஸ்ஸை எனக்காக, இல்லை, அவளுக்காக விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வேனில் கொண்டுவிடுகிறோம் என்று கெஞ்சினேன். "மொதல்ல பெத்தவகிட்ட புள்ளயச் சேருமா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஈரக்குலை! நான் படம் வரைந்து விளக்கியிருந்தாலும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு நேரான தமிழ் எனக்கு வந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டேன். நான் திட்டியதற்குப் பிறகு களஞ்சியத்துக்குப் பின்னால் போய் அழுதிருக்கிறாள். வெளியே வந்து பார்த்தால் யாருமில்லை. அவள் என்மேல் கோபப்படவில்லை. என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், நான் இனிமே கேள்வி கேக்க மாட்டேன் டீச்சர். வுட்டுட்டுப் போவாதீங்க."

அழுதேன். அவள் அம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் திட்டியதையும் சேர்த்து. அவர் பிள்ளையின் கைகால்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இப்போதெல்லாம் தலையைத் தொட்டுத்தான் எண்ணுகிறேன். அவள் வாராவாரம் வகுப்புக்கு வருகிறாள், முதல் வரிசையில் உட்காருகிறாள், எல்லாரோடும் சிரிக்கிறாள். பாடம் முடிந்ததும், "யாருக்காவது கேள்வி இருக்குதா?" என்று அவள் முகத்தைப் பார்த்தபடியே கேட்கிறேன். அந்தச் சின்னக் கை இன்னும் உயரவில்லை. உயராத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்குப் பதில் என் வயிற்றில்தான் கிடைக்கிறது.