காளையைப் பிரித்துக் கட்டுங்கள்

போன சனிக்கிழமை குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடையொன்றில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் கதை கொடுத்தார். "தம்பிக்கு எங்கை வேலை?"

"இறைச்சிக்கு மாடு வளர்க்கிற ஆக்களுக்கு வகுப்பு எடுக்கிறன் அக்கா."

அக்கா தன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "மாடு வளர்க்கிறவைக்கு நீங்கள் என்னத்தைப் படிப்பிக்கிறது?"

நல்ல கேள்வி. ஆறு வருஷமாக நானும் அதைத்தான் யோசிக்கிறேன்…

நான் சொல்வது பெரிய விஞ்ஞானம் இல்லை. காளையை வருஷம் முழுக்கப் பசுக்களோடு விடாதீர்கள். கோடையில் இரண்டு மாதம் விட்டுப் பிரித்துக் கட்டுங்கள். கன்றுகள் குளிர் போனபின் ஒன்றாகப் பிறக்கும். முக்கியமாக, வளர்த்தி காணாத நாகுகளிடம், அதுதான் இன்னும் கன்று போடாத இளம் பசுக்களிடம், காளையை அண்ட விடாதீர்கள் — அவ்வளவுதான்.

எல்லோரும் தலையாட்டுவார்கள். கோப்பி குடிப்பார்கள். போய்விடுவார்கள்.

அவர்களில் ஒருவர் கியெல். திராமன் பட்டணத்துக்கு அங்கால் முப்பது மாடு வைத்திருக்கிறார். மூன்று குளிர்காலம் வகுப்புக்கு வந்தார். மூன்று தரமும் ஒரே பதில்: "என்ரை காளை சாது. தனியக் கட்டினா அதுக்குக் கவலை வந்திடும்."

காளைக்குக் கவலையாம்! அப்ப எனக்கு?

போன வருஷம் தை மாதம், ஒரு காலை அவருடைய பண்ணையைப் பார்க்கப் போனேன். கொட்டிலில் ஒரு இளம் நாகு விழுந்து கிடந்தது. கன்று சுமக்கிற வயதே இல்லை. கன்றின் முன்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மிருக வைத்தியர் பனிக்குள்ளால் வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நானும் கியெலோடு வைக்கோலில் முழங்காலில் நின்றேன். இழுத்தோம். அசையவில்லை.

வைத்தியர் வந்து எடுத்தபோது கன்றுக்கு உயிர் இல்லை. தாய் தப்பியது.

கியெல் அதன் தலையை மடியில் வைத்திருந்தார். ஒருநாள் அவரே லொறியில் ஏற்றி அனுப்பப்போகிற மாடுதான். ஆனாலும் அழுதார்.

"இவளே ஒரு குழந்தை," என்றார். "நீர் சொன்னனீர். நான் கேக்கேல்லை."

'பார்த்தீரா, சொன்னேனே' என்று சொல்ல மூன்று வருஷமாகக் காத்திருந்தவன் நான். ஆனால் அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அந்தக் கிழமையே காளைக்குத் தனி அடைப்புக் கட்டினார். இந்த வருஷம் அவருடைய கன்றுகள் சித்திரையிலும் வைகாசியிலும் பிறந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. காளைக்குக் கவலையும் வரவில்லை!

போன மாத வகுப்பில் கியெலையே பேசச் சொன்னேன். அந்த நாகுவின் கதையை அவர் மெல்லிய குரலில் சொன்னார். கோப்பி ஆறிக் கிடந்தது. நான் பேசும்போது பேனாவே தொடாதவர்கள் எழுதினார்கள்.

முடிந்ததும், ஐந்து வருஷமாக என் வகுப்புக்கு வருகிற ஒரு பெரிய மனிதர் என்னிடம் வந்தார். முகத்தில் கோபம்.

"இவ்வளவு முக்கியமான விஷயம்… நீர் ஏன் இதை எங்களுக்கு முதலே சொல்லேல்லை?"

"மறந்துபோனன்," என்றேன்.