ராகு காலத்தில் ஒரு நேர்காணல்

எங்கள் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வேலை தேடித் தருபவர் ஆதிலட்சுமி மேடம். நான் அதே அறையில் கிளார்க். மேடம் போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் எடுக்கும்வரை விடமாட்டார். அவ்வளவு கெட்டிக்காரி, நாள் பார்ப்பதில் மட்டும் கோட்டை விட்டார்.

கீழ்பென்னாத்தூர் ஓவியா பி.காம் கடைசி வருடம். ஆட்டிசம் உள்ள பெண். கணக்கில் புலி, சத்தம்தான் ஆகாது. செங்கம் ரோட்டில் விடுதி நடத்தும் புகழேந்திக்கு, ரூம் கேட்டு வரும் மெயில்களைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. "பௌர்ணமி நல்ல நாளு, அன்னிக்கே கூட்டியாங்க மேடம்" என்றார். மேடமும் தலையாட்டிவிட்டார்.

அன்றைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பாருங்கள்! விடுதி வாசலில் மலை சுற்ற வந்த கிரிவலக் கூட்டம், ஹாரன், மைக். கண்ணைப் பார்த்துப் பேசு, சிரி என்று மேடம் ஒரு மாதம் பழக்கியதெல்லாம் போச்சு. ஓவியா காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"பாவம் மேடம், இந்தப் பொண்ணுக்கு இது சரிப்படாது" என்றார் புகழேந்தி.

"பொண்ணு மேல தப்பில்லீங்க. இந்த நாளுக்கு ஒத்துக்கிட்ட என் மேலதான் தப்பு. உங்க ஆபீஸ் எப்ப அமைதியா இருக்கும்?"

"செவ்வாக்கெழம மூணு மணிக்கு. ராகு காலமாச்சே, எவனும் உள்ள வர மாட்டான்."

"அப்பவே வரோம். கேள்வி எதுவும் கேக்காதீங்க. வேலயக் குடுத்துப் பாருங்க."

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். புகழேந்தி அரை மனதோடுதான் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். ஓவியா நாற்பது நிமிடம் தலை நிமிரவில்லை. பிறகு லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "பதினொன்னாம் நம்பர் ரூம, அடுத்த மாசம் ஒரே தேதிக்கு ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கீங்க. ஆறாம் நம்பரும் அப்படித்தான்."

புகழேந்தி எட்டிப் பார்த்தார். முகம் வேர்த்துவிட்டது. "எப்பம்மா வேலைல சேர்றே?"

"நாளைக்கே. பௌர்ணமிக்கு மட்டும் இங்க வர மாட்டேன். வீட்லருந்து பாக்குறேன்."

எனக்குப் பகீரென்றது. பௌர்ணமிக்கு வரமாட்டேன் என்றால் இந்த ஊரில் எந்த லாட்ஜில் வேலை தருவார்கள்? மேடம் என் கையை இறுக்கிப் பிடித்தார். புகழேந்தி லேப்டாப்பை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"சரிம்மா. அன்னிக்கு நான் கத்துறதும் ஜாஸ்திதான். நீ வீட்லயே இரு."

வெளியே வந்ததும் மேடம் அழுதுவிட்டார். "என்னா மேடம், வேலதான் கெடச்சிடுச்சே?" என்றேன்.

"ஒரு மாசம் என்னென்னமோ சொல்லிக் குடுத்தேன் தமிழ்செல்வி. தனக்கு என்ன வேணும்னு கேக்கச் சொல்லிக் குடுக்கவே இல்ல. அவளே கேட்டுட்டா பாரு!" என்று சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார்.