தங்கைக்கு நான் வாங்கிப்போன மதர்போர்டு

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்குப் பிடிபடாத ஒன்று, இங்குள்ளவர்கள் சொல்லும் ‘ஆமாம்’. நம் ஊரில் ஒருவர் ‘பாப்போம்’ என்றால் நடக்காது என்று நமக்குத் தெரியும். ‘வந்துக்கிட்டே இருக்கேன்’ என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று தெரியும். இவர்களோ உள்ளதை உள்ளபடி சொல்பவர்கள் என்று நம்பித்தான் ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் கவுண்டர் முன்னால் மதர்போர்டும் கையுமாக நின்றேன். தங்கை திருச்சியில் வாங்கி வைத்திருந்த பிராசஸரின் பெயரைச் சொல்லி, இந்தப் போர்டில் அது வேலை செய்யுமா என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தியரட்டிஷ் யா” என்றார். அதற்குப் பிறகும் நீளமாக ஏதோ சொன்னார். ‘அப்டேட்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. ‘யா’ கிடைத்துவிட்ட பிறகு மீதி எதற்கு? நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டேன். ‘ஏட்டளவில் ஆமாம்’ என்று ஒரு ஜெர்மானியர் சொன்னால் அது எச்சரிக்கை என்பதை ஆபீஸ் நண்பர் பின்னால் விளக்கினார். மிகவும் பின்னால்.

தங்கை ஜெனிட்டா திருச்சிக்குப் பக்கத்தில் ஆவூரில் அம்மாவோடு இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும், அதையும் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்ட வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை பார்க்கலாம் என்றால் மானிட்டர் பார்க்கிறாள் என்று உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் மாதக்கணக்கில் படித்து, எதற்கு எது பொருந்தும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். என்னிடம் கேட்டது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும்தான். அதற்கும் கேபினெட்டின் உள்ளளவை மில்லிமீட்டர் கணக்கில் அனுப்பியிருந்தாள். வெளிநாட்டில் இருப்பவன் கேட்டதை மட்டும் வாங்கிப் போனால் என்ன மரியாதை? மதர்போர்டும் நானே வாங்கி வருகிறேன் என்றேன்.

“வேணாண்ணே. போர்ட நான் திருச்சியிலயே பாத்துக்கிறேன்.”

“ஜெர்மன் போர்டும் திருச்சி போர்டும் ஒண்ணாம்மா?”

“ரெண்டையும் ஒரே நாட்லதாண்ணே செய்றாங்க. பெட்டியில போட்டிருக்கும், பாருங்க.”

நான் பார்க்கவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் அவள் சொன்ன மாடலைவிட ஒரு வருடம் பழசு, ஆனால் ஓரமெல்லாம் கலர் கலராக விளக்கு எரியும் போர்டு ஒன்று தள்ளுபடியில் இருந்தது. அதைத்தான் அவள் கேட்ட கார்டோடு சட்டைகளுக்கு நடுவே வைத்து ஊருக்குக் கொண்டு போனேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் கூடத்தில் பாயை விரித்துப் பூட்டினோம். பூட்டியவள் அவள். நான் ஸ்குரூ எடுத்துக் கொடுத்தபடி ஜெர்மானியர்களின் நேர்த்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. விளக்குகள் தேர்பவனி போல ஜொலித்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. திருச்சியில் வாங்கிய பிராசஸர், ஊர்க் கரண்ட், ஊர்த் தூசி என்று வரிசையாகக் குற்றம் சாட்டினேன். அம்மா தீர்த்தக் குப்பியோடு வந்துவிட்டார்கள். “ஆத்தா, அது மேல தெளிச்சிராதீங்க!” என்று ஜெனிட்டா பாய்ந்து தடுத்தாள். பிறகு பெட்டியின் சின்ன எழுத்துகளையும் போனையும் மாறி மாறிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணே, பிராசஸர் புதுசு, போர்டு பழசு. போர்டுக்கு அது யாருன்னே தெரியல. உள்ள இருக்க சாஃப்ட்வேர அப்டேட் பண்ணணும். அதுக்கு இந்தப் போர்டுக்குத் தெரிஞ்ச பழைய பிராசஸர் ஒண்ணு வேணும்.”

எனக்கு வேறொரு கறுப்புத் திரை ஞாபகம் வந்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா எனக்கென்று வாங்கித் தந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் உயிர் விட்டது. ஒன்பதாம் வகுப்பு ஜெனிட்டா அதைத் திறந்து, ரேம் கார்டைக் கழற்றி, ஸ்கூல் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். ஓடியது. அப்பா வந்து கேட்டபோது நான்தான் சரிசெய்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் மறுக்கவில்லை. எனக்கு இன்ஜினியர் பட்டம் கல்லூரி கொடுப்பதற்கு முன்பே அப்பா கொடுத்துவிட்டார்.

மறுநாளில்லை, அன்றைக்கே திருச்சி பஸ் ஏறினோம். அவள் மடியில் போர்டு. கடைக்காரர் போர்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன் டீச்சர், அவ்வளவு வெவரமா விசாரிச்சீங்க. இத யாரு எடுத்தது?”

“நாந்தாண்ணே. மாடல் நம்பரத் தப்பா சொல்லிட்டேன்” என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலேயே.

அந்த ஒரு பொய்யை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்!

“இல்லைங்க, அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் கேக்கல” என்றேன். அதோடு நிற்க முடியவில்லை. “எங்க வீட்ல கம்ப்யூட்டர் ரிப்பேருன்னா எப்பவும் இவதாங்க சரி பண்ணுவா.”

ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

“பரவால்லைங்க சார், ஃபாரின்ல இருந்து வரவங்க வழக்கமா கொண்டு வரதுதான்” என்று ஆறுதல் சொன்ன கடைக்காரர், மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய பிராசஸரை எடுத்து மாட்டினார். டீ குடித்து முடிப்பதற்குள் அப்டேட் முடிந்தது. பஸ்ஸில் வரும்போது, “அப்பா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்ண்ணே” என்றாள். சாயங்காலம் ஆவூரில் திரை எரிந்தது.

இப்போது ஞாயிறுதோறும் என் மதியமும் அவளுடைய சாயங்காலமும் சந்திக்கும் நேரத்தில் நாங்கள் சேர்ந்து விளையாடுகிறோம். முதல் நாள் அந்த விளையாட்டு என்னிடம், உங்கள் பகுதி எது, ஐரோப்பாவா, ஆசியாவா என்று கேட்டது. ஐரோப்பா என்றால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் ஜெனிட்டா இருக்க மாட்டாள். ஆசியா என்றால் அவள் இருப்பாள், நான் வைக்கும் ஒவ்வொரு அடியும் அங்கே தாமதமாகப் போய்ச் சேரும். ஆசியாவைத் தேர்ந்தெடுத்தேன். அவள் விளையாட்டுக்குள்ளே மரத்தால் ஒரு வீடு கட்டியிருக்கிறாள். போன வாரம் என் திரையில் நான் கதவைத் திறந்து, கூடத்தைக் கடந்து, அடுப்பங்கரை வரைக்கும் போய்விட்டேன். ஹெட்போனில் அவள் குரல்.

“என்னண்ணே, உள்ள வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?”

“நான் உள்ளதாம்மா இருக்கேன்.”