நுரையக்காவின் தொட்டி

அந்த சோப்புக் கம்பெனியில் அவளை எல்லாரும் நுரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தவன் வாயில் சோப்பைக் கரைத்து ஊற்றணும் என்பாள். சோப்புக் காய்ச்சும் பழைய பிரிவின் காரத் தண்ணீரில் கைத் தோல் உரிந்து போய்த்தான் இந்தப் பூஞ்சைத் தொட்டிக்கு வந்தாள். சர்க்கரையும் எண்ணெயும் கொடுத்தால் பூஞ்சை தின்று புளித்து, அழுக்கு நீக்கும் சாற்றைக் கக்கிவிடும். கைக்கு இதமான சாறு. ஆனால் உள்ளே காற்று ஊத ஊத நுரை பொங்கும் பாருங்கள், சனியன்! மூடியைத் தள்ளிக்கொண்டு அவள் செருப்பு வரைக்கும் வந்துவிடும்.

அதற்கென்று ஒரு நுரையடக்கி உண்டு. சொட்டுச் சொட்டாகத்தான் விடணும். அன்றைக்குத் தரையைத் துடைத்துத் துடைத்து அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "தின்னமா கிடந்தமான்னு இருக்கத் தெரியாதா உனக்கு?" என்று தொட்டியைத் திட்டிக்கொண்டே புட்டியைக் கவிழ்த்தாள். நுரை அமுங்கியது. அப்பாடா என்றிருந்தது.

வாங்க வந்த வியாபாரி அந்தச் சாற்றை விட்டு ஒரு எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தார். சட்டி பளிச்சென்று ஆனது. நுரை மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

"நுரையே வராத சோப்பை யாருங்க வாங்குவாங்க?" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "உருப்படாத பூஞ்சை! இதை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். தொட்டியை மூடிடலாம். நீ பேக்கிங்குக்குப் போயிடும்மா."

பேக்கிங்கில் காரம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கை தப்பிக்கும். ஆனால் உருப்படாத பூஞ்சையாமே! அவள் திட்டலாம், இவர் திட்டலாமா?

"பூஞ்சை என்ன சார் பண்ணும்? நான்தான் ஆத்திரத்துல நுரையடக்கியை மொத்தமா கவுத்துட்டேன். இன்னொரு தடவை போட்டுப் பாருங்க."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியா?" என்று முதலாளி கத்திய கத்தலில் கணக்குப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

தொட்டி பிழைத்தது. அவளைப் பழைய பிரிவுக்கே விரட்டிவிட்டு, அங்கேயே வேலை பார்த்த அவள் கொழுந்தனைத் தொட்டிக்குப் போட்டார்கள். கையுறை போட்டும் அவளுக்கு விரலெல்லாம் எரிந்தது. எரிச்சலில் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது அடுத்த அறையிலிருந்து கொழுந்தன் அலறினான். "அண்ணி! நுரை பொங்கிக்கிட்டு வருது! புட்டியோட ஊத்திடட்டுமா?"

"கையை ஒடிச்சிடுவேன்!" என்று இங்கிருந்தே கத்தினாள். "ஒரு சொட்டு விட்டுட்டுத் தள்ளி நில்லு. பொங்கினா பொங்கட்டும், துடைக்க நான் வரேன்."